சகோதரத்துவ நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடி

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து குரோஷியத் தலைநகர் ஜாக்ரெபுக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் யாரும் அதை நம்புவதாகத் தெரியவில்லை. நேரடி ரயில் 2020இலேயே நின்றுவிட்டது; விமானம் என் பட்ஜெட்டுக்கு மேலே பறந்தது. பெட்டியைக் கீழறையில் போட ஓட்டுநரிடம் தனியாகச் சில்லறை கொடுத்துவிட்டு ஏறினேன்.

சுமார் 400 கி.மீ. தூரமுள்ள அந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யூகோஸ்லாவியா இளைஞர் படைகளைத் திரட்டி 1948இல் போடத் தொடங்கி, 1950இல் திறந்தது. வைத்த பெயர் 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்'. ஜெர்மனியில் வேலை பார்த்த துருக்கியர்கள் கார் கூரையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் இதே வழியில்தான். 1991இல் நாடு உடைந்தது, போரில் சாலையும் துண்டானது. இப்போது பெல்கிரேடிலிருந்து நூறு கி.மீ. சொச்சம் தாண்டியதும் செர்பியப் பக்கம் பத்ரோவ்சி, குரோஷியப் பக்கம் பயாகோவோ என்று இரண்டு சாவடிகள். 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா, உள் எல்லைகளில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் சேர்ந்ததிலிருந்து, இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான எல்லை மட்டுமல்ல. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இதுதான் வாசல்.

பத்ரோவ்சியில் நடத்துநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி அடுக்கிக்கொண்டு போனார். செர்பியர்களுடையது ஒயின் சிவப்பு. குரோஷியர்களுடையது கருநீலம், நம்முடையதைப் போலவே. திருப்பித் தரும்போது என்னுடையதை முன் இருக்கை குரோஷியப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவர் திறந்து பார்த்து, என் மீசையைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தபடி பின்னால் நீட்டினார்.

பயாகோவோவில் அந்தச் சலுகை இல்லை. இறங்கு, வரிசையில் நில், ஜன்னல் முன்னால் முகத்தைக் காட்டு. சுங்க அதிகாரி சில பைகளைத் திறக்கச் சொன்னார். வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மியூனிக்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் ஒரு பாட்டியின் பையில் ஒரு டப்பா கைமாக் இருந்தது. பாலைக் காய்ச்சி, மேலே திரளும் ஆடையை அடுக்கடுக்காக எடுத்து உப்பிட்டு வைப்பது. பாலேட்டுக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் ஒரு ருசி. குப்பைத் தொட்டியைக் காட்டினார் அதிகாரி. பாட்டி தொட்டியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பிறகு இன்னொரு பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து, கைமாக்கைத் தாராளமாக அப்பி, வரிசையில் நின்றவர்களுக்கு நீட்டத் தொடங்கிவிட்டார். தின்றுவிட்டால் பறிமுதல் ஏது? அதிகாரி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வாயில் ரொட்டியோடு ஜன்னலை அடைந்தேன். மற்றவர்களுக்கு அரை நிமிடம் ஆனது. எனக்கு ஓட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், கையிருப்பு, கடந்த 180 நாளில் ஷெங்கனுக்குள் எத்தனை நாள் இருந்தேன் என்ற கணக்கு. பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவை வைத்துத்தான் செர்பியாவுக்குள் தனி விசா இல்லாமல் போயிருந்தேன். ஒருமுறை விசாவோடு இந்த வேலையைச் செய்பவர்கள் செர்பியாவிலேயே மாட்டிக்கொள்வார்கள். விமான நிலையத்தில் நம் தாமதம் நம்மோடு போகும். பேருந்தில் ஒரு வண்டி ஜனமும் என் ஒருவனுக்காகப் புகைபிடித்துக்கொண்டு காத்திருந்தது. முகம் சுளித்தவர் யாருமில்லை. இந்தப் பாதையில் அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

கடைசியில் முத்திரை விழுந்தது. சாலை வழியாக வந்தால் அதன் மூலையில் ஒரு குட்டிக் கார் படம் இருக்கும். பேருந்தில் வந்தாலும் கார்தான். அந்த மரியாதையும் இனி இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதன்பின் குரோஷியாவின் ஸ்லவோனியச் சமவெளி, மணிக்கணக்கில் மக்காச்சோளம். எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே மக்காச்சோளம். தூங்கிவிட்டேன்.

ஜாக்ரெபில் மியூனிக் வண்டிக்கு மாற வேண்டிய பாட்டியின் பையை நான் தூக்கிக்கொண்டேன். அசுரக் கனம். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே கண்ணாடி பாட்டில்கள் உரசின. ஊரில் வடித்த ரக்கியா என்ற பழச்சாராயமாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி. கைமாக்கைக் கண்ட மும்முரத்தில் அதிகாரி அந்தப் பையைத் திறக்கவே இல்லை.