செலவும் விருந்தும்

பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். இன்று அச்சொல் கைப்பொருள் கரைவதைக் குறிக்கிறது. செல்லுதல் என்னும் வினை ஒன்றே இரண்டுக்கும் தாய் என்பதால், பயணம் போனவர்கள்தாம் இப்பொருள் மாற்றத்திற்குக் காரணராயிருப்பரோ என நகைத்துக்கொள்வதுண்டு. அரபியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள் அதன் வேரில் உண்டு. மனிதரின் குணங்களை வெளிப்படுத்திக் காட்டுவதால்தான் பயணம் ஸஃபர் எனப்பட்டது என்பர் நம் ஆலிம்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் பயண ஒழுக்கத்திற்கெனத் தனி நூற்பகுதியே வகுத்தார். ஒருவரோடு உடன் செல்லாமல் அவரை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து.

இச்சொல்லாராய்ச்சிக்குக் காரணம் உண்டு. சென்ற புரட்டாசியில், காலாண்டுத் தேர்வு விடுமுறையின்போது, செங்கற்பட்டிலிருந்து கடற்கரையோரமாக நான்கு நாள் குடும்பப் பயணம் ஒன்று சென்று வந்தோம். நம் அன்னையாருக்கு வயது எண்பத்து நான்கு. இடைக்கழிநாட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோவளத்திலும் உள்ள தம் உறவினரை ஒருமுறை கண்டுவர வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். நெடுநேரம் அமர்ந்திருக்க இயலாத உடல். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த நம் தங்கை மகன் அதற்கு ஒரு வழி கண்டார். படுக்கை, கழிப்பறை, சிறு அடுப்பு, குளிர்ப்பெட்டி ஆகியவை பொருத்திய வண்டி ஒன்றை ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்தினார். மேனாட்டார் இத்தகைய வண்டியிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்து ஊர் சுற்றுகின்றனர். 2021இல் கேரள அரசு இவற்றுக்கெனவே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இவ்வண்டியைக் 'கேரவன்' என்கிறார்கள். பாரசீகத்தின் 'கார்வான்' ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம் அது. ஒட்டக வரிசைக்கு இட்ட பெயர் ஒற்றை வண்டிக்கு வந்து நின்றிருக்கிறது.

"மாமா, நம்மால் யாருக்கும் பாரம் இருக்கக் கூடாது. படுக்கையும் நம்முடையது, சமையலும் நம்முடையது. பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடலாம்" என்றார் தங்கை மகன்.

அன்னையார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பாரமாக இருக்கத்தானே தம்பி போகிறோம்" என்றார்கள்.

அந்த ஒரு சொல் நான்கு நாளும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

வீட்டைச் சுமந்து செல்லும் வண்டி நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றோர் அறிவர். தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைச் சொல்லும் அந்த 500 அடிப் பாட்டில், உப்பு விற்கும் உமணரின் எருதுவண்டிகள் வருகின்றன. வண்டியில் கோழிக் கூடு இருக்கிறது. உரல் கட்டித் தொங்குகிறது. ஊறுகாய்க் கலம் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். குளிர்ப்பெட்டி ஒன்றுதான் இல்லை!

உமணர் தம் அடுக்களையைத் தாமே கொண்டு சென்றவர். பாணரோ யாழ் ஒன்றைத் தவிர வேறு கையிருப்பு இல்லாதவர். வழியெல்லாம் பிறர் இட்ட உணவை உண்டே நடந்தார். ஆற்றுப்படை நூல்கள் பாணரின் செலவைப் பாடுகின்றன. எந்த நிலத்தில் எவர் எதைத் தருவார் என்று அவை வரிசைப்படுத்தும் முறையைப் பார்த்தால், தமிழ்நாட்டின் முதல் உணவுக் கையேடு என்றே அவற்றைச் சொல்லலாம்.

முதல் நாள் மதுராந்தகம் வழியாக இடைக்கழிநாட்டுக் கடப்பாக்கத்தை அடைந்தோம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். 269 அடிகள் கொண்ட அந்நூலில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் கள்ளும், வேலூரில் புளிங்கறியிட்ட சோறும் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று வழி சொல்லப்படுகிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கே இன்றும் உப்பளங்கள் வெண்மையாகக் குவிந்து கிடக்கின்றன.

கடப்பாக்கத்தில் அன்னையாரின் மாமன் மகன் வீடு. வண்டி நின்றதும் அவித்த பச்சை வேர்க்கடலையும், வெடிக்கப் பழுத்த சீத்தாப்பழமும் வந்தன. புரட்டாசியில் இவ்விரண்டும் மலிவு. ஊரில் பாதிப் பேர் புலால் தவிர்க்கும் மாதமாதலால் மீனும் அன்று விலை தணிந்திருந்தது. இறால் தொக்கும் வஞ்சிர வறுவலும் இலைக்கு வந்தன. நாம் சார்ந்த மத்ஹபின் நூல்கள் நண்டை ஏற்பதில்லை. ஆகவே பாணன் பெற்ற விருந்தில் கள்ளும் நண்டும் நீங்கலாக மற்றவை நமக்குக் கிடைத்தன என்று சொல்ல, வீட்டார் சிரித்தனர்.

மாலையில் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்தோம். முகலாயர் காலத்தில் எழுந்த செங்கல் கோட்டை. நாணயச் சாலையும் துறைமுகமும் இருந்த இடம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1760இல் ஆங்கிலேயர் அதை வென்று சிதைத்தனர். காசு அடித்த இடத்தில் இன்று மணலும் சிப்பியும் கிடக்கின்றன.

இரண்டாம் நாள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து சதுரங்கப்பட்டினம் சேர்ந்தோம். ஒல்லாந்தரின் கோட்டையும், பூவேலை செதுக்கிய அவர்களின் கல்லறைக் கற்களும் உள்ள ஊர். இவ்வூரின் மெல்லிய துணி ஒரு காலத்தில் கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. அக்கரையிலிருந்து துணிக்காக வந்தவர்கள் இங்கேயே மண்ணுக்குள் துயில்கின்றனர். இப்பயணத்தின் உட்பொருளும் இவ்வூரில்தான் இருந்தது. நம் சிற்றன்னையார் இங்கே ஒரு சிறு ஓட்டு வீட்டில் வாழ்கிறார்கள். கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு நிலையான வருவாய் இல்லை. அக்காளும் தங்கையும் நேரில் கண்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிற்றன்னையார் எழுந்து அடுக்களைக்குள் சென்று திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

நமக்குச் சிறுபாணாற்றுப்படையின் காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. பாணனின் இல்லத்தில் அடுப்பெரிந்து நாளாகிவிட்டது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, புறங்கூறுவோர் கண்ணில் படாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பு விளையும் கடற்கரையைப் பாடும் நூலிலேயே உப்பில்லாத கீரையும் வருகிறது. வறுமையை நத்தத்தனார் எடைபோட்டது பசியால் மட்டுமன்று. அந்த மூடிய கதவாலும் எடைபோட்டார்.

தங்கை மகன் நம் காதருகே குனிந்தார். "வண்டியில் அரிசி, எண்ணெய், கோழி எல்லாம் இருக்கிறது மாமா. இறக்கிவிடட்டுமா?" என்றார். அன்பு மிகுந்த பிள்ளை. அன்னையார் கையை உயர்த்தித் தடுத்தார்கள். "சாப்பிட்ட பிறகு கொடு. முதலில் கொடுத்தால் அது தருமம், பிறகு கொடுத்தால் அது சீர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எழுந்து, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தாமும் அடுக்களைக்குள் சென்று அமர்ந்தார்கள். உள்ளிருந்து சற்று நேரத்தில் சிரிப்பொலி கேட்டது.

அன்று உண்டது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் சோறுமே. அன்னையாருக்கு உப்புக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. ஆனாலும் இரண்டு கவளம் குழம்போடு உண்டார்கள். நாம் தடுக்கவில்லை. இரவில் வண்டியின் மெத்தை வெறுமையாகக் கிடந்தது. அக்காளும் தங்கையும் தரையில் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டனர். அரிசி மூட்டை மறுநாள் காலை, புறப்படும் நேரத்தில், சீராகவே இறங்கியது.

'ரஹிம்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கருப்பை என்பது பொருள். உறவைப் பேணுதலை 'ஸிலத்துர் ரஹிம்' என்கிறோம். கருப்பை வழி வந்த பிணைப்பை அறாமல் காத்தல் என விரித்துக்கொள்ளலாம். விருந்தினரைக் குறிக்கும் 'ளைஃப்' என்னும் சொல்லின் வேரில் சாய்தல் என்னும் பொருள் உண்டு. வழிப்போக்கர் நம் பக்கம் சாய்ந்து வருகிறார். அவர் சாய்வதற்கு ஒரு தோள் வேண்டும். 'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லோ முதலில் புதுமையையும் புதிதாய் வந்தவரையுமே குறித்தது. அவருக்கு இடும் உணவுக்கு அப்பெயர் பிற்பாடு வந்தது. இரு மொழியிலும் ஆள்தான் முதல், இலை பிறகு.

உலகம் சுற்றிய இப்னு பதூதாவையும் எண்ணிக்கொண்டோம். 1325இல் தஞ்சையர் நகரை விட்டுப் புறப்பட்ட அவர், 1340களில் இலங்கையிலிருந்து வந்தபோது நம் மஅபர்க் கரையருகே கப்பல் சேதமுற்றுத் தத்தளித்தார். கரையேறியவருக்குக் கை கொடுத்தது உறவு. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனின் துணைவியும் இப்னு பதூதா மணந்த மாதரசியும் உடன்பிறந்தோர், சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியர். உலகளந்த பயணிக்கும் தமிழ்க் கரையில் சகலையின் வீடு தேவைப்பட்டது!

மூன்றாம் நாள் மாமல்லபுரம். யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சிற்பங்களை எழுதாதவர் இல்லை. நாம் நின்றது பல்லவர் குடைந்த ஒற்றைக்கல் இரதங்களின் முன்னால். தேர் என்று பெயர், ஆனால் ஓடாது. வெளியே ஓடும் வீடு ஒன்று நமக்காக நின்றுகொண்டிருந்தது. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறை இவ்வூரே என்பர் அறிஞர் சிலர். இரவில் கலங்களை அழைக்க உயர்மாடத்தில் விளக்கேற்றிய செய்தி அந்நூலில் உண்டு.

மாலையில் கோவளம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிப் போற்றும் தர்கா கடலோரம் உள்ளது. அன்னையாரின் தோழமை மிக்க ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சுறாப்புட்டும் காத்திருந்தன. சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்து வதக்கும் அந்தப் பக்குவம் பல் இல்லாதோர்க்கு உகந்தது. அன்னையார் அதை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார்கள்.

நான்காம் நாள் பக்கிங்காம் கால்வாயைக் கடந்து வீடு திரும்பினோம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்குச் சென்ற நீர்வழி அது. படகுகள் போய்விட்டன. தொழுகையைச் சுருக்கும் சலுகைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவை நாடிப் புறப்பட்டிருக்க வேண்டும். நாம் போன ஊர் எதுவும் அவ்வளவு தொலைவில் இல்லை. ஃபிக்ஹு நூலின்படி நாம் பயணிகளே அல்லோம்! ஆறாண்டுகளாகக் கடக்கப்படாத தொலைவு இவ்வளவுதான்.

அந்த வண்டியைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அதன் படுக்கையும் கழிப்பறையும் இல்லையேல் எண்பத்து நான்கு வயது மூதாட்டி அக்கரையைக் கண்டிருக்க இயலாது. தங்கை மகன் அஞ்சிய பாரமும் பொய்யன்று. விருந்து மூன்று நாள் என்று மார்க்கம் எல்லை வகுத்ததும், விருந்தளிப்போரை இடரில் ஆழ்த்தும்வரை தங்கலாகாது என்று தடுத்ததும் அப்பாரத்தை அறிந்தே. ஆயினும் எல்லை உண்டு என்பதாலேயே உரிமையும் உண்டு என்றாகிறது. ஏழை உறவினரின் கையில் எஞ்சியிருக்கும் உரிமை பெரும்பாலும் இது ஒன்றே. நம்மை அமர்த்தி ஒரு வேளை உணவிடும் உரிமை. நம் அடுப்பை நாமே சுமந்து சென்று அதையும் அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளலாகாது.

வாசக அன்பர்கள் வரும் விடுமுறையில் எங்கேனும் புறப்படுவராயின், வசதியான வண்டியிலேயே செல்லுங்கள். முதியோரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வழியில் உறவினர் வீடு ஒன்று இருக்குமாயின், வண்டியின் அடுப்பை அணைத்துவிட்டுப் பசியோடு உள்ளே செல்லுங்கள்.