செம்பு

பாட்டி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த செம்பு எங்கள் ஆங் மோ கியோ வீட்டுச் சமையலறை மேடையில் பதினைந்து வருஷத்துக்கும் மேல் இருந்தது. இரவு தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். காலையில் வெறும் வயிற்றில் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு டம்ளர். "குழாயத் தொறந்தாலே நல்ல தண்ணி வருது பாட்டி" என்பேன். "உங்க ஊருத் தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லடா, குடி" என்பார். பாட்டி போன பிறகும் அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தம்பிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தேசிய சேவையில் இருந்தான். பூட்ஸ் கயிறு கட்ட நேரமாகிறது என்றான். பேச்சு லேசாகக் குழறியது. முதலில் பார்த்த மருத்துவர் மன அழுத்தம் என்றார். நானும் நம்பினேன். "சமாளிடா, நாங்கல்லாம் செய்யலையா" என்று அண்ணன் தோரணையில் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பிறகு ஒரு கண் மருத்துவர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைப் பார்த்தார். செப்பு படிந்த வளையம். வில்சன் நோய்.

சாப்பாட்டில் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செப்பு நமக்குள் போகிறது. அது வேண்டும், இல்லாமல் உயிரில்லை. மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளிவிடும். தள்ளுகிற புரதத்தின் பெயர் ஏடிபி7பி. தம்பிக்கு அது வேலை செய்யவில்லை. மிச்சம் முதலில் கல்லீரலில் சேர்ந்து, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போயிருக்கிறது. அப்பாவிடமிருந்து பழுதான மரபணு ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வர நாலில் ஒரு வாய்ப்பு. என்னையும் சோதித்தார்கள். எனக்கு நோய் இல்லை.

அன்று இரவு அம்மா செம்பைப் பழைய தமிழ் முரசில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "நான்தான் ஊத்திக் குடுத்தேனா?" என்று கேட்டார். மருத்துவர் இல்லை என்று சொல்லியிருந்தார். மறுநாளும் கேட்டார்.

நான் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கும் பொறியாளன். எனக்குச் செப்பு என்பது ஆய்வக அறிக்கையில் வரும் ஓர் எண், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பதில் தேடத்தான் படிக்க உட்கார்ந்தேன். படித்துக்கொண்டே போய் பாக்டீரியாவில் நின்றேன்.

நம் குடலில் இருக்கும் ஈ.கோலைக்கும் இதே சிக்கல்தான். மூச்சுவிடும் நொதி ஒன்றுக்குச் செப்பு தேவை. ஆனால் கொஞ்சம் கூடினாலும் அது இரும்பு-கந்தகக் கட்டமைப்புகளுக்குள் புகுந்து இரும்பைத் துரத்திவிடும், நொதிகள் படுத்துவிடும். அதனால் அது ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. க்யூஆர் என்று பெயர் (தேக்கா கடைகளில் ஸ்கேன் பண்ணுவது இல்லை). டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும் புரதம். அதன் இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே ஒரு செப்பு அயனி வந்து மாட்டினால், புரதம் டிஎன்ஏவை முறுக்குகிறது. உடனே இரண்டு மரபணுக்கள் விழிக்கின்றன. ஒன்றிலிருந்து வரும் காப்-ஏ என்ற பம்பு செப்பை செல்லின் உட்பகுதியிலிருந்து வெளியே இறைக்கிறது. மற்றொன்றிலிருந்து வரும் நொதி, இறைத்த செப்பை அவ்வளவாகத் தீங்கில்லாத வடிவத்துக்கு மாற்றுகிறது.

இந்தக் காவலாளி எவ்வளவு நுட்பமானது என்று 2003இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் அளந்தார்கள். ஒரு செல்லுக்குள் ஒரே ஒரு செப்பு அயனி கட்டில்லாமல் அலைந்தால்கூட அதற்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். எங்கள் ஆலையின் எந்த சென்சாரும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

பாட்டியின் செம்பும் இந்தக் கதையில் உண்டு. 2012இல் பெங்களூரு, கொல்கத்தா ஆய்வாளர்கள் காலரா, டைஃபாய்டு, சீதபேதிக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். ஒன்றையும் மீண்டும் வளர்க்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய செப்போ, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டவில்லை. பம்பு இருந்தும் கிருமிகளால் சமாளிக்க முடியவில்லை. அதே தண்ணீர் மனிதனை ஒன்றும் செய்யாது, அவன் பம்பு ஓடுகிற வரைக்கும்.

காப்-ஏவும் ஏடிபி7பியும் ஒரே குடும்பத்துப் புரதங்கள். அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில் அம்மாவிடம் விளக்கினேன். செம்பே இல்லாத வீட்டில் வளர்ந்திருந்தாலும் அவனுக்கு இது வந்திருக்கும், சாதாரணச் சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற செப்பே போதும் என்றேன். "அப்போ அந்தத் தண்ணி கொஞ்சங்கூடச் சேத்திருக்காதா?" என்றார். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பேச்சை மாற்றத்தான் பாக்டீரியா கதையைச் சொன்னேன். கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"கிருமிக்குக் குடுத்த ஆண்டவன் எம் புள்ளைக்குக் குடுக்கலையா?"

என்னிடம் பதில் இல்லை.

தம்பி இப்போது பெனிசிலமைன் சாப்பிடுகிறான். 1956இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொண்டுவந்த மருந்து. அதிலும் ஒரு கந்தகம் இருக்கிறது. அது செப்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துப் போகிறது. நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். அதனால் தினமும் காலையில் அம்மா குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அவனிடம் நீட்டுகிறார். பாட்டி நீட்டிய அதே நேரம், அதே வெறும் வயிறு. அவன் முழுசாகக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.