சோம்பலும் சோர்வும்

காய்ச்சலில் படுத்திருப்பவனை எவரும் வைவதில்லை. அவன் உணவை வெறுத்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கின்றனர். பேச விரும்பாவிட்டால் தாமும் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றனர். பகலில் உறங்கினால் கதவைச் சாத்திவிட்டு ஓசையின்றி நடக்கின்றனர். அதே குறிகள் காய்ச்சல் இல்லாத ஓர் இளைஞனிடம் தோன்றினால் சுற்றியிருப்போரின் முகம் மாறிவிடுகிறது. உண்ணாதவன் பிடிவாதக்காரன் எனப்படுகிறான்; பேசாதவன் செருக்குடையவன் எனப்படுகிறான்; உறங்குபவனுக்குச் சோம்பேறி என்னும் பட்டம் கிடைக்கிறது. வெப்பமானி காட்டும் இரண்டு மூன்று பாகைதான் பரிவுக்கும் பழிக்கும் இடையே நிற்கும் எல்லை போலும்!

கெடா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இடைநிலைப்பள்ளியில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் இதை உணர்ந்துகொள்ள இருபது ஆண்டுப் பணி அனுபவம் போதவில்லை. ஒரு காய்ச்சல் தேவைப்பட்டது.

அவருடைய ஆறாம் படிவ வகுப்பில் பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் இருந்தான். ஆண்டின் தொடக்கத்தில் அவன் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர் மற்ற மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகப் படித்துக் காட்டுவதுண்டு. சில மாதங்களில் அவன் கடைசி வரிசைக்குப் போனான். ஒப்படைப்புகள் வருவது நின்றது. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லாமல் மேசைமீது தலை கவிழ்த்துக் கிடந்தான். ஒருநாள் ஆசிரியர் திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மையை நடத்திக்கொண்டிருந்தபோது அவன் உறங்கிப்போனான். ஆசிரியர் அவனை எழுப்பி நிறுத்தி, “இந்த அதிகாரத்தை வள்ளுவர் உனக்காகவே பாடியிருக்கிறார்” என்றார். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஆசிரியரை டிங்கி காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பினார். காய்ச்சல் தணிந்தது, இரத்தப் பரிசோதனையும் நல்ல நிலையைக் காட்டியது. ஆயினும் அவர் பழைய மனிதராகவில்லை. விடிந்ததும் தமிழ் நாளிதழைத் தேடும் கைகள் மடியிலேயே கிடந்தன. அலமாரியிலிருந்த நூல்கள் அயலார் வீட்டு நூல்கள் போலத் தோன்றின. மூன்று வாரங்கள் இப்படிக் கழிந்தன. ஒருவரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை.

அந்நாள்களில் அம்மாணவன் அவரைக் காண வந்தான். அவனுடைய தாயார் இடித்துப் பிழிந்த பப்பாளி இலைச் சாற்றை ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்தான்.

“காய்ச்சல் போய்விட்டது, தம்பி. ஆனால் மனம் எதிலும் ஒட்டவில்லை. புத்தகத்தைத் தொடவும் தோன்றவில்லை” என்றார் ஆசிரியர்.

மாணவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எனக்கு ஆறு மாதமாக இப்படித்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் எனக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை” என்றான்.

பட்டறிவு மிக்க ஆசிரியர் அச்சொற்களுக்கு முன் தலைகுனிந்தார். மறுநாளே அவனுடைய பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசினார். ஆலோசகரின் வழிகாட்டலில் அவன் அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டான். அவனுக்கு வந்திருந்தது மனச்சோர்வு என்னும் நோய் என்று மருத்துவர் உறுதிப்படுத்தினார்.

காய்ச்சல்காரனின் சோர்வும் மனம் சோர்ந்தவனின் சோர்வும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்னும் வினா ஆசிரியரை விடவில்லை. அவர் தேடிப் படிக்கலானார். அவர் அறிந்த செய்திகள் ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கவை.

உடலில் காயமோ கிருமியோ நுழைந்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் உரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இதுவே அழற்சி. இது பகையன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போர். அப்போரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் தூதுப் புரதங்களை வெளியிடுகின்றன. அவை தரும் செய்தி குருதி வழியாகவும் வேகஸ் என்னும் நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது. “போர் நடக்கிறது; ஆற்றலைச் சேமித்துக்கொள்” என்பதே அச்செய்தியின் சாரம் எனலாம். பசி குறைகிறது, உறக்கம் மாறுகிறது, இன்பம் தந்தவை சுவையற்றுப் போகின்றன, கூட்டத்தை விட்டு ஒதுங்கத் தோன்றுகிறது. நோயுற்ற விலங்குகளின் இந்நடத்தை வெறும் பலவீனமன்று, நோயை வெல்ல இயற்கை வகுத்த முறையே என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988ஆம் ஆண்டில் விளக்கினார்.

போர் முடிந்ததும் படை திரும்ப வேண்டும். திரும்பாமல் ஆங்காங்கே சிறு தீயாகக் கனன்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? இதற்கு விடையளிக்கும் சான்று ஒன்று மருத்துவமனையிலேயே கிடைத்தது. கல்லீரல் அழற்சி ‘சி’ நோய்க்கு முன்னர் இன்டர்பெரான் என்னும் மருந்து மாதக்கணக்கில் ஊசி வழியே செலுத்தப்பட்டது. அதுவும் ஒரு சைட்டோகைனே. அம்மருந்தைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாயிற்று. உடலுக்குள் செலுத்திய ஒரு புரதம் மனத்தின் நிறத்தையே மாற்றிவிட்டது!

இளையோரைப் பற்றிய சான்றோ இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பகுதியிலிருந்து வந்தது. அங்கு 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஒன்பது வயதில் எடுத்த குருதியில் இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைன் மிகுந்திருந்த பிள்ளைகள், பதினெட்டு வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவரினும் அதிகமாக இருந்தது என்பது 2014இல் வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வோ மறுபுறத்தைக் காட்டியது. மனச்சோர்வு பன்முறை வந்த இளையோருக்குப் பின்னாளில் அழற்சிக் குறியீடு உயர்ந்திருந்ததை 2012இல் அவ்வாய்வு தெரிவித்தது. உடற்பருமனும் புகைப்பழக்கமும் அந்த உயர்வில் பங்கு கொண்டிருந்தன. ஆகவே இது ஒருவழிப் பாதையன்று. அழற்சி மனத்தைத் தாக்குகிறது. சோர்ந்த மனமும், அது தரும் உறக்கக்கேடும் அசைவற்ற வாழ்க்கையும் அழற்சியை வளர்க்கின்றன.

ஆசிரியரை உலுக்கிய செய்தி நியூசிலாந்தின் டனீடின் நகரத்திலிருந்து வந்தது. அங்கு 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிறப்பிலிருந்தே ஆய்வாளர்கள் தொடர்ந்தனர். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் குருதியில் முப்பத்திரண்டு வயதிலும் அழற்சிக் குறியீடு மிகுந்திருந்தது என்று 2007இல் அறிவித்தனர். ஏச்சும் அடியும் அன்றோடு மறைந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். உடல் அவற்றை எளிதில் மறப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு மனச்சோர்வு எல்லாம் அழற்சியே என்று முடிவுகட்டுவது பிழையாகும். மனச்சோர்வுடையோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடமே குறிப்பிடத்தக்க அழற்சி காணப்படுகிறது. ஏனையோரின் துயரத்துக்கு வேறு வேர்கள் உண்டு. மனச்சோர்வை ஒரு சொட்டுக் குருதியில் கண்டுபிடித்துவிடவும் இயலாது. அழற்சியைத் தணிக்கும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்தை அட்லாண்டா நகரில் அறுபது நோயாளிகளிடம் ஆராய்ந்தபோது, மொத்தத்தில் போலிமருந்தைவிட அது சிறப்பாக அமையவில்லை. அழற்சி மிகுந்திருந்தோரிடம் மட்டுமே நன்மையின் அறிகுறி தெரிந்தது. இம்முடிவு 2013இல் வெளிவந்தது. எனவே தாமே மருந்துக் கடைக்குச் சென்று வலி மாத்திரை வாங்கி விழுங்குவது மனச்சோர்வுக்கு மருத்துவமாகாது. மருத்துவரிடம் செல்லுதல், மனம் திறந்து பேசுதல், உறக்கத்தைச் சீராக்குதல், உடலை இயன்ற அளவு அசைத்தல் ஆகியவையே முதற்படிகள்.

நோயை மட்டுமன்றி அது தோன்றிய காரணத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். அவ்வதிகாரத்தை ஆசிரியர் பலமுறை நடத்தியிருக்கிறார். வினாத்தாளில் கேட்டும் இருக்கிறார். ஆனால் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து கிடந்த மாணவனுக்கு அவர் 95ஆம் அதிகாரத்தைத் திறக்கவில்லை. 61ஆம் அதிகாரத்தைத் திறந்தார். குறள் பிழையன்று. அதை யாருக்கு எப்போது சொல்வது என்று அறியாமற் போனதே பிழை.

மாணவன் ஒரே நாளில் மீண்டுவிடவில்லை. சிகிச்சை தொடர்ந்தது, சில வாரங்கள் தேறியும் சில வாரங்கள் தளர்ந்தும் போயின. அவ்வாண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. அடுத்த ஆண்டில் எழுதினான். அதற்கு முன் ஒருநாள் அரைப்பக்கக் கட்டுரை ஒன்றை ஆசிரியரின் மேசைமீது வைத்துவிட்டுப் போனான். அதில் எழுத்துப்பிழைகள் பல இருந்தன. வாழ்நாளெல்லாம் சிவப்பு மையால் பிழை திருத்திய ஆசிரியர் அன்று பேனாவைத் திறக்கவில்லை. இருமுறை படித்துவிட்டுத் தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் வகுப்பில் யாரேனும் உறங்கினால், பாடம் முடியும்வரை காத்திருந்து, மற்றவர் போனபின் அருகில் சென்று கேட்பது வழக்கமாயிற்று: “உடம்புக்கு எப்படி இருக்கிறது, தம்பி? மனத்துக்கு எப்படி இருக்கிறது?” இரண்டு கேள்விகளையும் அவர் ஒருசேரவே கேட்டார்.