மேலதிகமாக ஒரு சிப்பாய்

பத்தாம் ஆண்டு படிக்கும்போது ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கு ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தது. என்னிடம் ஒரு யானை, நாலு சிப்பாய். எதிரே இருந்த பிள்ளையிடம் ஒரு யானை, மூன்று சிப்பாய். எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். மற்ற மேசைகளெல்லாம் காலியாகிவிட்டன. வெளியில் வேன் நிற்கிறது, எங்கட பிள்ளைகள் ஜன்னலால எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை மெதுவாக "ட்ரோ?" என்று கேட்டது. நான் கை கொடுத்துவிட்டேன். அரைப் புள்ளியால் அணியில் இடம் போனது.

மஹய்யாவயில் வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு செஸ் சொல்லித் தந்தது அவர்தான். மாநகர சபையில் வேலை. விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுவார். வென்றாயா, தோற்றாயா என்று அவர் கேட்கவில்லை. "எத்தன மணிக்கு முடிஞ்சிச்சு?" என்றுதான் கேட்டார். நாலு மணிக்கு என்றேன். "ஆறு மணி வரைக்கும் ஒக்காந்திருக்கலாமே புள்ள" என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டார். எனக்குத்தான் இன்னும் விடவில்லை.

உண்மையில் அன்று எனக்கு எப்படி வெல்வது என்றே தெரியாது. ஒரு சிப்பாய் அதிகம் இருந்தால் வெற்றி தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வராது. யானை முடிவாட்டங்களில், சிப்பாய்களெல்லாம் ஒரே பக்கம் இருந்தால், ஒழுங்காகத் தற்காப்பவர் பெரும்பாலும் சமன் செய்துவிடுவார். நாலுக்கு மூன்றும் அப்படித்தான், மூன்றுக்கு இரண்டும் அப்படித்தான்.

2024 டிசம்பர் 12. வியாழக்கிழமை. சிங்கப்பூரில் உலக சம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதுதான் கடைசி. குகேஷும் டிங் லிரனும் 6.5 – 6.5 என்று நிற்கிறார்கள். சமனானால் அடுத்த நாள் வேக ஆட்டங்கள். எங்கட நேரப்படி மத்தியானம் இரண்டரைக்குத் தொடங்கியது. நான் பேராதனையில் ஆர்ட்ஸ் பெகல்டியில் இருந்து கலஹா சந்திக்கு இறங்கி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, போனில் பார்த்துக்கொண்டே கண்டிக்கு வந்தேன்.

டிங் 29ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைக் கொடுத்தார். ராணிகள் போயின, ஒரு சோடி யானையும் போனது. மிஞ்சியது இரண்டு பேருக்கும் ஒரு யானை, ஒரே நிறக் கட்டங்களில் ஓடும் ஒரு மந்திரி, ராஜா பக்கத்தில் குகேஷுக்கு மூன்று சிப்பாய், டிங்குக்கு இரண்டு. கணினி சமன் என்றது. வர்ணனையாளர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னுடைய பத்தாம் ஆண்டு ஆட்டத்தின் சொந்தக்காரனை மாதிரி ஒன்று.

குகேஷ் கை கொடுக்கவில்லை. பெரிதாக ஒன்றும் செய்யவும் இல்லை. சிப்பாயை ஜி5க்குத் தள்ளினார், பிறகு எச்5. ராஜா எச்6க்கு, அங்கிருந்து ஜி5க்கு நடந்தது. யானை போவதும் வருவதுமாக இருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு, டிங்குக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கணக்கு. ஒரு சோடி சிப்பாய் வெட்டுப்பட்டு இரண்டுக்கு ஒன்று ஆனது. சிப்பாய் குறையக் குறைய தற்காப்பவருக்குத்தான் நல்லது. ஆனால் காய்கள் வெட்டுப்பட்டால் நிலைமை தலைகீழ். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் அந்த ஒரு சிப்பாய் திடீரென்று மலை மாதிரி ஆகிவிடும்.

டிங் 53ஆவது நகர்த்தலில் மந்திரியை ஏ8 மூலையில் வைத்தார். 55இல் யானையை எஃப்2க்கு இழுத்து, வெட்டிக்கொள்வோமா என்று கேட்டார். களைத்த மனசுக்கு அது நிம்மதியான நகர்த்தலாகத் தெரிந்திருக்கும். யானைகள் போயின. உடனே குகேஷின் மந்திரி டி5இல் வந்து நின்றது. மூலையில் இருந்த மந்திரிக்கு அந்த ஒரு மூலைவிட்டத்தைத் தவிர வேறு வழி கிடையாது, அதையும் அடைத்தாகிவிட்டது. மந்திரிகளும் போயின. 58ஆவது நகர்த்தலில் கறுப்பு ராஜா இ5இல் நிற்க, வெள்ளை ராஜா எந்தப் பக்கம் விலகினாலும் கதை முடிந்தது. டிங் விட்டுக்கொடுத்தார். 18 வயதுப் பையன் உலக சம்பியன். அழுதுகொண்டே காய்களைத் திரும்பப் பழைய இடங்களில் அடுக்கினான். பஸ்ஸில் எனக்கும் கண் கலங்கியது, பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த நாள் கென்டீனில் ஒரு நண்பன், "அது டிங் தோத்தது, குகேஷ் வெல்லல்ல" என்றான். முன்னாள் சம்பியன் கிராம்னிக்கும் அந்தத் தொனியில்தான் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிழை தானாக வருமா? கை கொடுத்திருந்தால் டிங்குக்கு அந்தப் பிழையைச் செய்ய நேரமே இருந்திருக்காதே.

அந்த வாரமே மாமாவோடு அதே நிலையை அடுக்கினேன், ராணிகள் போன பிறகு உள்ளதை. நான் கறுப்பு, அவர் வெள்ளை. சொன்னால் நம்பமாட்டீர்கள், என்னால் அவரை வெல்லவே முடியவில்லை. யானையை நாலாவது வரிசையில் வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி குடிப்பார். "வா புள்ள, வா" என்பார். முதல் இரவு சமன். இரண்டாம் இரவும் சமன். ஒரு தடவை நான் அவசரப்பட்டு சிப்பாயை ஓட்டி, தோற்றும் போனேன். பொறுமையாக இருப்பது என்றால் சும்மா யானையை ஆட்டுவது என்று நினைத்திருந்தேன். இல்லை. எதிராளி ஒரு கட்டத்தில் நிம்மதியாக இருந்தால், அந்த நிம்மதியைக் கெடுக்க அடுத்து எங்கே போவது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். அது படிப்பை விடக் களைப்பு.

ஜனவரியில் ஒரு இரவு வென்றேன். பதினொரு மணி தாண்டிவிட்டது. மாமா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். "போதும், வெட்டிக்குவோம்" என்று யானையை என் யானைக்கு முன்னால் வைத்தார். நான் பலகையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, நாலு மணிக்கு எழும்ப வேண்டிய மனுஷன். நாளைக்குப் பார்ப்போம் மாமா என்று சொல்ல வாய் வரை வந்தது.

வெட்டினேன். கொஞ்சத்தில் மந்திரிகளும் போயின. அவர் ராஜாவைச் சாய்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போனார். எனக்கு நித்திரை வரவில்லை. களைத்துப்போன ஆளை வென்றது வெற்றியா என்று கென்டீன் நண்பன் கேட்ட கேள்வி இப்போது எனக்கு வந்திருந்தது, பதிலும் அன்று கென்டீனில் சொன்ன மாதிரி சுலபமாக வரவில்லை.

காலையில் எழும்பும்போது மாமா வேலைக்குப் போயிருந்தார். மேசையில் காய்கள் திரும்ப அடுக்கியிருந்தன, அதே நிலை. பலகையை மட்டும் திருப்பி வைத்திருந்தார். வெள்ளை என் பக்கம்.