காலை எடுத்த பின்பும் விடாத பிரேக்



நமது சபையின் பழைய பிக்கப் வண்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நாற்காலிகளையும் பந்தல் சாமான்களையும் அரிசி மூட்டைகளையும் பல ஆண்டுகளாகச் சுமந்த வண்டி அது. அதன் பின்பக்கப் பிரேக் எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எனக்குப் பெருமை தரும் பாடம் அன்று அது.

கடந்த மழைக்காலத்தில் வால்பாறைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்களும் கம்பளிகளும் கொண்டுசென்றோம். ஆழியாறிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சுமையை இறக்கிவிட்டுத் திரும்புகையில், நனைந்த வளைவொன்றில் பின்சக்கரங்கள் திடீரென இறுகிப் பூட்டிக்கொண்டன. வண்டியின் பின்பாகம் வழுக்கிச் சென்று தடுப்புச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. இறங்கியபோது பின்சக்கரங்களிலிருந்து லைனர் கருகிய வாடை வீசியது.

ஓட்டிவந்தவர் நம் சபையின் மூத்த சகோதரர். ஒரு மாதமாகவே அவர், “ஐயா, வண்டி பின்னாடி இழுத்துப் பிடிக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை பட்டறைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் அவர்கள் பார்த்தபோது சக்கரங்கள் தாராளமாகச் சுழன்றன. குறையொன்றும் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே விபத்துக்குப் பின் நான் கமிட்டியார் முன்னிலையில், “அண்ணன் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காமல் ஓட்டியிருக்கிறார்” என்று கூறினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆராதனைக்கு வரவில்லை.

பிறகு வேறொரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியை எடுத்துச் சென்றேன். “ஆறிப்போன வண்டியைப் பார்த்து என்ன பிரயோஜனம்? சூடா இருக்கும்போது பார்க்கணும்” என்றார். சிறிது தூரம் ஓட்டி, பிரேக் பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்தினார். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார். இரு சக்கரங்களும் கையால் திருப்ப முடியாதபடி இறுகியிருந்தன.

முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தினார். சக்கரங்கள் விடவில்லை. அந்த நொடியிலேயே என் குற்றச்சாட்டு விழுந்துபோயிற்று.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்திருந்தால் அந்தச் சக்கரத்தின் ஷூ, ஸ்பிரிங், வீல் சிலிண்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டும் பிடித்ததால் பொதுவான பாதையில்தான் குறை என்று விளக்கினார். ஒரு சக்கரத்தின் பிளீடரைத் திறந்தார். எண்ணெய் பீச்சியடித்தது, இரு சக்கரங்களும் விடுபட்டன. அப்படியானால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. பிளீடரை மூடி, பெடலை மிதித்து மீண்டும் இறுகச் செய்தார். இம்முறை பின் அச்சுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸுக்கு முன்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தினார். சக்கரங்கள் விடவில்லை. எனவே மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. எஞ்சியது அந்த ஹோஸ் ஒன்றே.

அதைக் கழற்றி அறுத்துக் காட்டினார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளேயோ ரப்பர் ஊதிப் பாதையை அடைத்திருந்தது. காலால் மிதிக்கும் வலிமை எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். ஸ்பிரிங்கின் மெல்லிய விசையால் அதைத் திருப்பி அனுப்ப இயலாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். உரசலால் சூடு, சூட்டால் எண்ணெய் விரியும், பிடி மேலும் இறுகும். சுமையில்லாத வண்டியின் பின்பாகம் இலேசானது. ஈரச் சாலையில் அது எளிதில் வழுக்கிவிடும். இரவில் எண்ணெய் மெதுவாகக் கசிந்து திரும்பிவிடுவதால் காலையில் குறை தெரியாது.

ஹோஸ், கருகிய லைனர், எண்ணெய் அனைத்தையும் மாற்றினோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கமாம். நாம் அதையும் செய்திருக்கவில்லை.

அன்று மாலையே அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். “அண்ணே, உங்க மேல தப்பில்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பிரேக் சரியாயிடுச்சா ஐயா?” என்று கேட்டார். குற்றஞ்சாட்டியது கமிட்டியார் முன்னிலையில் ஆதலால், அடுத்த கூட்டத்தில் அவர்கள் முன்னிலையிலேயே அதைத் திருத்தினேன். இப்போது சாவி மறுபடியும் அவர் கையில் இருக்கிறது.

பிரியமானவர்களே, நாமும், “மன்னித்துவிட்டேன்” என்று சொல்லிப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம். உள்ளே அழுத்தம் திரும்பிப் போயிற்றா? ஞாயிறு காலையில் எல்லாம் தாராளமாகச் சுழல்கிறது. வார நடுவே, வீட்டில் சற்றுச் சூடு ஏறும்போது, பழைய வார்த்தை மீண்டும் இறுகிப் பிடிக்கிறது. வெளித்தோற்றம் பழுதற்றிருப்பதால் மற்றவர்மீது பழி போடுகிறோம். நான் போட்டேன்.

இந்த வாரம் யாரையாவது குறைகூறுமுன், அந்த முதியவரைப்போல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். உங்கள் உள்ளத்தையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய வீடு ஒன்று இருக்குமானால், ஞாயிறுவரை காத்திராமல் இன்று மாலையே போய்வாருங்கள்.