அந்தப்புரக் கதைகளில் தலைவியின் இடம்

ஓர் இளைஞன், அவனிடம் மனம் இழந்த பெண்கள் பலர். ஜப்பானிய மங்காப் படக்கதைகளுள் இத்தகையவற்றை அந்தப்புரக் கதைகள் என்பர். பெயர் சற்றே கூச்சம் தருவது உண்மைதான். எனினும், கதைக்கலை பயில்வோர் கருதத்தக்க சிக்கல் ஒன்று இவற்றுள் உண்டு. இறுதியில் கைப்பிடிக்கப் பெறுபவள் பெரும்பாலும் ஒருத்தியே. ஏனையோரும் அதுவரை வாசகர் உள்ளத்தில் உயிருள்ள பெண்களாக நின்றாக வேண்டும்.

தலைவிக்கென வகுத்த இடமும் நிலையானதன்று. 1978ஆம் ஆண்டு ருமிகோ தகஹாஷி 'உருசெய் யாத்சுரா'வைத் தொடங்கியபோது, ஷினோபு என்னும் பள்ளி மாணவியே நாயகி. வேற்றுலகினின்று வந்த லம் நிலையான பாத்திரமாக எண்ணப்பட்டவள் அல்லள், வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளியே வீட்டுக்காரியானாள், ஷினோபு ஓரத்திற்கு ஒதுங்கினாள்.

வார இதழ்த் தொடரில் தலைவிக்கு ஒரு தளை உண்டு. அவள் மனம் திறந்து பேசிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆதலால் அவள் சினக்கிறாள், மழுப்புகிறாள், சொல்ல வாயெடுக்கும் வேளையில் எவரோ கதவைத் திறக்கிறார். (எத்தனை கதவுகள்!) துணைப்பாத்திரத்திற்கோ இத்தளை இல்லை. அவள் துணிந்து சொல்லலாம், மறுக்கப்பட்டு அழலாம், அழுது தெளியலாம். தலைவிக்கு மறுக்கப்பட்ட வளர்ச்சி அவளுக்கு எளிதில் வாய்த்துவிடுகிறது.

நவோஷி கோமி 2011 முதல் 2016 வரை எழுதிய 'நிசேகோய்' இதற்குத் தக்க சான்று. சிதோகேயும் ஒனோதேராவும் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாது தயங்குகின்றனர். மரிகா என்பவளோ வந்த நாள்முதல் தன் காதலை ஊரறிய உரைக்கிறாள். தொடக்கத்தில் அவள் நகைப்புக்குரியவள். வீட்டார் முடித்த மணத்தினின்று அவளை மீட்க நண்பர்கள் புறப்படும் பகுதியில் அந்நகைப்பு முற்றும் மாறிவிடுகிறது. அவள் காதல் ஏற்கப்படவில்லை. ஆயினும் அக்கதையில் நெஞ்சை மிகுதியும் தைப்பது அவள் தோல்வியே. சிதோகேயின் வெற்றி அதனருகே சற்று மங்கியே தோன்றுகிறது.

எவரையும் தோற்கவிட மனமில்லாத எழுத்தாளரும் உளர். 2017இல் தொடங்கிய 'போகுபென்' ஐந்து பெண்களுக்கும் ஐந்து தனித்தனி முடிவுகளை வழங்கி 2020இல் நிறைவுற்றது. இரக்கம் நன்று, ஆனால் தேர்வு இல்லாதவிடத்துக் காத்திருப்பிற்குப் பொருள் ஏது?

அதே 2017இல் நெகி ஹருபா 'கோதோபுன் நோ ஹனயோமே'யில் வேறு வழி கண்டார். ஒரே முகமுடைய ஐந்து சகோதரியர். தொடக்கத்திலேயே திருமணக் காட்சி. மணமகள் இன்னாள் என்பது மட்டும் மறைபொருள். ஆகவே எவளும் துணைப்பாத்திரம் என முன்கூட்டித் தள்ளப்படுவதில்லை. மணமகளாகும் யோத்சுபா, சிறுவயதில் கியோத்தோவில் ஃபூதாரோவைச் சந்தித்தவள் தானே என்பதை மறைத்து, சகோதரியர்க்கு வழிவிட்டு நிற்கிறாள். முடிவறிந்தபின் முதல் தொகுதியைப் புரட்டினால், மற்ற நால்வரும் அவனை ஆசிரியனாக ஏற்க மறுத்த வேளையில் பாடம் கேட்க முன்வந்தவள் அவளே என்பது புலனாகும்.