ஆளுக்கு ஒரு பலகை, அலைக்கு ஒரு பலகை

திட்டக்குடிக்குப் பக்கத்தில் கீழ்ச்செருவாயில் இருக்கிறது வெலிங்டன் ஏரி. தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்று நீரை மடக்கி இங்கே கொண்டுவருகிறார்கள். 1913-ல் தொடங்கி 1923-ல் கட்டி முடித்த ஏரி இது. நல்ல மழை பெய்த வருடத்தில், காற்று ஓய்ந்த காலை நேரத்தில் கரைமேல் நின்று பார்த்தால், இஸ்திரி போட்ட துணி மாதிரி நீர் அசையாமல் கிடக்கும்.

இப்படி ஒரு நீர்ப்பரப்பு ஃப்ளோரிடாவில் இருந்தால் அங்கே ‘ஸ்லாலம்’ நீர்ச்சறுக்கு நடக்கும். ஒரு மோட்டார் படகு நேர்கோட்டில் போகும். பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, ஒற்றைப் பலகையில் இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாகப் பொருத்திக்கொண்டு ஒருவர் சறுக்கி வருவார். 259 மீட்டர் நீளத் தடத்தில் இருபக்கமும் மாறி மாறி ஆறு மிதவைகள். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வர வேண்டும். ஒரு சுற்று முடித்தால் அடுத்த சுற்றுக்குக் கயிற்றின் நீளத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு கட்டத்தில் கயிறு 11.25 மீட்டர் ஆகிவிடும். மிதவையோ 11.5 மீட்டரில். கயிறு எட்டாத மிச்சத்தை உடம்பைச் சாய்த்து, கையை நீட்டித்தான் எட்ட வேண்டும். அதற்கப்புறமும் கயிற்றைக் குறைப்பார்கள்!

அந்த விளையாட்டில் பாதி வெற்றி பலகையைப் பொருத்துவதில் இருக்கிறது. ஆளின் எடை, படகின் வேகம் இரண்டையும் பார்த்துத்தான் பலகையின் நீளத்தை முடிவு செய்வார்கள். அடியில் இருக்கும் துடுப்புத் தகட்டை அளவுகருவி வைத்து, ஓரிரு காகிதத்தின் கனம் அளவுக்கு முன்னே பின்னே நகர்த்துவார்கள். அந்த இம்மியளவு மாற்றத்தில் திருப்பத்தின் குணமே மாறிவிடும். நீர்ச்சறுக்கு பிறந்த கதையும் பலகையைத் தேடிய கதைதான். 1922-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார். பிறகு பனிச்சறுக்குப் பலகைகள். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் எட்டடி பைன் மரப் பலகைகள் இரண்டை வாங்கி, அவற்றின் நுனியை அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் வேகவைத்து, மேல்நோக்கி வளைத்தார். அப்புறம்தான் தண்ணீர் அவரைத் தாங்கியது.

வெலிங்டன் ஏரி நெல்லுக்கானது. தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டம் இறங்கிவிடும். அங்கே யாரும் கயிறு பிடித்துச் சறுக்கப்போவதில்லை. ஆனால், ஆளுக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி பலகையைத் தேர்ந்தெடுக்கும் அந்த வித்தையைத் தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஊர் இருக்கிறது. திட்டக்குடியிலிருந்து தொழுதூர் வந்து திருச்சி - சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. அங்கிருந்து திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். (கேரளத்துக் கோவளமும் கன்னியாகுமரிக் கோவளமும் வேறு. இது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டை அடுத்து வருவது.) இங்கே மோட்டார் படகு இல்லை, கயிறும் இல்லை. இழுத்துப்போவது அலை. இந்த விளையாட்டை அலைச்சறுக்கு என்கிறார்கள். இளைஞர்கள் வாயில் அது சர்ஃபிங்.

கோவளம் சின்ன ஊர்தான், ஆனால் பழைய ஊர். ஆற்காட்டு நவாப் காலத்தில் துறைமுகம், கோட்டை எல்லாம் இருந்தன. 1752-ல் ராபர்ட் கிளைவ் அந்தக் கோட்டையைப் பிடித்தார். இன்று ஊருக்குள் நுழைந்தால் தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா ஆலயம், மீன் விற்கும் பெண்கள், உலரும் வலைகள். 2021-ல் இந்தக் கடற்கரைக்கு ‘நீலக்கொடி’ சான்றிதழ் கிடைத்தது. அதிலிருந்து வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது.

அலையில் மரத்தை வைத்து ஏறிவருவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், இங்குள்ள கட்டுமரத்தைப் பற்றித் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். ஒன்றிரண்டு லேசான கட்டைகள்தான். சில கட்டுமரங்கள் ஒரே ஒரு ஆளைத்தான் தாங்கும், அவர் காலும் இடுப்பும் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கும் என்கிறார். ஒரு ஆள், ஒரு மரம், ஒரு அலை. இன்றைய சர்ஃபிங் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைக்குமா? நம் சொல்லை எடுத்துக்கொண்டுபோன ஆங்கிலேயர்கள் பிற்பாடு இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு ‘கேட்டமரான்’ என்று பெயர் வைத்தது தனி வேடிக்கை. அதற்கும் கட்டையைக் கட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டுமரத்தில் எதுவும் நிரந்தரமாக அறையப்பட்டதல்ல. மிதக்கும் மரமாகத் தேர்ந்தெடுத்து, செதுக்கி, கயிற்றால் பிணைப்பார்கள். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் அலை ஏறாது. பாய் விரித்து ஓடும்போது காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். போகிற ஆட்கள், பிடிக்கிற மீன், அன்றைய கடல் இவற்றுக்குத் தகுந்தபடி கட்டைகளின் எண்ணிக்கை மாறும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரங்கள் அநேகமாகக் கரையேறிவிட்டன. அலையைப் படிக்கும் கண் மட்டும் அந்தக் குடும்பங்களில் அப்படியே இருக்கிறது.

அந்தக் கண்ணோடு வளர்ந்தவர்தான் மூர்த்தி மேகவன். கோவளத்து மீனவர். சிறுவயதில் உடைந்த மரப்பலகையை வைத்து அலையில் சறுக்கியவர். பின்னாளில் முறையான பலகை கைக்கு வந்தபோது ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து ‘கோவ்லாங் பாயின்ட்’ சர்ஃபிங் பள்ளி உருவானது. அடுத்த வருடமே அலைச்சறுக்கு விழா. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் பலகையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துபோனது அந்த விழாக்களால்தான். இன்று கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் பலருக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு பிழைப்பாகவே ஆகியிருக்கிறது.

பயிற்சிக்குப் போனால் முதலில் நடப்பது பேரம். பணத்துக்கு அல்ல, பலகைக்கு!

“அண்ணா, எனக்கு அந்தச் சின்னதா, கூர்மையா இருக்கே... அதைக் கொடுங்களேன்” என்று கேட்காத கல்லூரிப் பையன் கிடையாது.

“தம்பி, முதல்ல இதுல நில்லு. அப்புறம் அதைப் பார்க்கலாம்” என்று பயிற்சியாளர் கொண்டுவந்து போடுவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மெத்தென்ற நுரை போர்த்திய, அழகே இல்லாத ஒரு பலகையாக இருக்கும்.

அவர் சொல்வதுதான் சரி. பலகைக்கு நீளத்தைவிட முக்கியமானது அதன் கன அளவு. அதை லிட்டரில் சொல்வார்கள், பல பலகைகளில் அச்சிட்டே இருக்கும். 60 கிலோ எடையுள்ள புதியவருக்குக் குறைந்தது 60 லிட்டராவது வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. அதே எடையுள்ள கைதேர்ந்த வீரர் 25 லிட்டருக்கும் குறைவான பலகையில் பறப்பார். அவர் நிற்கும்போது பலகையைத் தாங்குவது வேகம், புதியவருக்கு அந்த வேகம் இன்னும் வரவில்லை. சின்னப் பலகையில் படுத்தால் பாதி உடம்பு நீருக்குள் போய்விடும். துழாவித் துழாவிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், அலை கிடைக்காது. ஓய்ந்த கையோடு கடலில் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. நுரைப் பலகையில் இன்னொரு நன்மை, தலையில் இடித்தாலும் மண்டை உடையாது.

குழந்தைகளுக்குக் கதை வேறு. பெரிதாக இருந்தால் பத்திரம் என்று நினைத்து அப்பாக்கள் ஒன்பதடிப் பலகையையே கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையால் அதை அக்குளில் இடுக்கவே முடியாது. அலை வரும்போது குறுக்கே பிடித்தால் அது பிள்ளையின் முகத்தில்தான் வந்து மோதும். ஆறு, ஏழு அடி போதும்.

பலகை கிடைத்துவிட்டால் உடம்பை அதில் பொருத்த வேண்டும். இது தண்ணீரில் இறங்குவதற்கு முன்பு மணலிலேயே நடக்கும். அதிகம் முன்னால் படுத்தால் பலகை மூக்குக் குத்தும், ஆள் தலைகீழாகப் போவார். அதிகம் பின்னால் படுத்தால் வால் அமுங்கி பிரேக் போட்ட மாதிரி நிற்கும். பலகையின் மூக்கு நீருக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே நிற்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம். சிலர் மார்பு வரும் இடத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கால் முன்னால் வரும் என்று கண்டுபிடிக்கப் பின்னாலிருந்து சொல்லாமல் லேசாகத் தள்ளிவிடுவார்கள். தடுமாறி எந்தக் காலை முன்னே வைக்கிறீர்களோ, பெரும்பாலும் அதுதான் முன்கால். இடது முன்னால் வந்தால் ‘ரெகுலர்’, வலது வந்தால் ‘கூஃபி’. இரண்டில் எதுவும் குறையல்ல.

பின்காலின் கணுக்காலில் கட்டுவது ‘லீஷ்’ என்ற பிணைப்புக் கயிறு. விழுந்தால் பலகை ஓடிப்போகாமல் இருக்கவும், பக்கத்தில் குளிப்பவர் மேல் பாயாமல் இருக்கவும் இது வேண்டும். ஏறக்குறைய பலகையின் நீளமே இதற்கும் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் வில்லில் இழுத்து விட்டது போலப் பலகை திரும்பி வரும். ஜாக் ஓ'நீல் என்ற அமெரிக்கர், குளிர்நீரில் அணியும் ரப்பர் உடையால் பெயர் பெற்றவர், 1971-ல் இப்படித் திரும்பி வந்த பலகையால்தான் ஒரு கண்ணை இழந்தார். அக்காலத்துக் கயிறு ரப்பர் குழாய் போல இழுபடுவது. இப்போதையது அவ்வளவு துள்ளாது. ஆனாலும் விழுந்து எழும்போது கைகளால் முகத்தை மூடிக்கொண்டு மேலே வரச் சொல்வது அதனால்தான்.

அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால் பலகை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். 1935-ல் டாம் பிளேக் என்பவர் ஒரு மோட்டார் படகின் அடித்தகட்டைக் கழற்றித் தன் பலகையில் பொருத்தியதில் ஆரம்பித்தது இது. ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1981-ல் மூன்று தகடுள்ள பலகையில் ஜெயித்த பிறகு உலகமே மூன்றுக்கு மாறியது. கட்டுமரக்காரர் இறக்கிய பலகையும் இதே வேலையைத்தான் செய்தது. புதியவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். தகடு ஆடாமல் இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஃபைபர் பலகையாக இருந்தால் கால் வழுக்காமலிருக்க மேலே மெழுகு தேய்க்க வேண்டும். குளிர்நாட்டு மெழுகு நம் வெயிலில் நெய்யாக உருகி ஓடிவிடும், வெப்பநாட்டுக்கான கெட்டி மெழுகுதான் வேண்டும். மூடிய காருக்குள் பலகையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் திரும்பி வரும்போது அது கொப்புளித்திருக்கலாம்.

உடைந்தால்? ஃபைபர் படகில் விரிசல் விட்டால் கண்ணாடி இழைத் துணி வைத்து, ரெசின் பூசி அடைப்பதைக் குப்பத்துப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். சர்ஃபிங் பலகைக்கும் அதே வைத்தியம்தான், ஒரு எச்சரிக்கையோடு. உள்ளே தெர்மகோல் மாதிரியான நுரை இருந்தால் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துத் தின்றுவிடும். அதற்கு எபாக்ஸிதான். விரிசலைக் கவனிக்காமல் விட்டால் உப்புநீர் உள்ளே புகுந்து, ஊறிய கட்டுமரம் போலப் பலகை கனத்துவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், இறங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது கடல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேரும் மாதங்களில் புதியவர்களுக்கு இங்கே வேலை இல்லை. மற்ற மாதங்களில் விடியற்காலையே உத்தமம். வெயில் ஏறினால் கடற்காற்று எழுந்து அலையைக் கலைத்துவிடும். ‘இன்னிக்கு வேணாம் சார், நாளைக்கு வாங்க’ என்று பயிற்சியாளர் சொன்னால், அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த எரிச்சலில் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். தனக்கு வரும் காசை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் மனிதர். ஏரியிலும் ஆற்றிலும் நன்றாக நீந்துகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளாற்றில் கரைபுரண்டு அடித்த பழக்கம் கடலின் உள்ளிழுப்புக்கு முன் அவ்வளவாகச் செல்லாது. இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல் பிடித்தபடி கரைக்கு இணையாகத் துழாவி, இழுப்பைத் தாண்டியதும் கரைக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் காலில் கட்டிய பலகைதான் மிதவை.

கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்திலும் இதே காட்சி. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது. கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். மீன் விற்கும் தாயின் மகளாக அங்கே வளர்ந்த கமலியைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. அதற்கப்புறம் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களையும் கரையில் பார்க்க முடிகிறது. அவர்களில் சிலர் சுடிதாரோடு பிள்ளையை இறக்கப் பார்க்கிறார்கள். துப்பட்டா, தொளதொளத்த பேன்ட், கழுத்துச் சங்கிலி, கொலுசு எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை பள்ளியிலேயே பெரும்பாலும் கிடைக்கும். வயிறு பலகையில் உரசிச் சிவக்காமல் அது காப்பாற்றும். மாற்றுத்துணியும், குளித்து முடித்ததும் சாப்பிட இட்லிப் பொட்டலமும் எடுத்துப்போனால் நல்லது. இரண்டு மணிநேரம் அலையோடு மல்லாடிய பிள்ளைக்கு வரும் பசி சாதாரணப் பசியாக இருக்காது.